மூன்றரை வட்டிக்கு ஒரு ஃபிரிட்ஜ்

புதுக்குடித்தனம் போகும் வீட்டுக்கு வேண்டியதைப் பட்டியல் போட்டுப் பாருங்கள். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், டிவி, வெயில் காலத்துக்கு ஒரு ஏசி. நடுத்தர மாடல்களாகப் பார்த்துப் பார்த்து எடுத்தாலும் கூட்டுத்தொகை ஒரு லட்சத்து இருபதாயிரத்தில் வந்து நிற்கும். கோவையிலோ திருச்சியிலோ இருவரும் வேலைக்குப் போகும் ஒரு தம்பதி, கைக்கு வரும் சம்பளம் இருவருக்கும் சேர்த்து மாதம் 65,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வாடகை, பெட்ரோல், மளிகை, ஊருக்கு அனுப்புவது எல்லாம் போக மாதம் 10,000 ஒதுக்க முடிகிறது. பொருள்களைத் தேர்ந்தெடுத்துவிட்டு பில் போடும் மேசைக்கு வந்தால், அங்கே இருப்பவர் கேட்பார்: “கார்டு இருக்காண்ணா? இல்லேன்னா லோன் போட்டுக்கலாம். ஆதார், பான் மட்டும் கொடுங்க, அஞ்சு நிமிஷத்துல அப்ரூவல் வந்துடும்.”

அந்த மேசைக்கு முன்னால் நின்றபடி இந்தக் கேள்விக்குச் சரியான பதில் சொல்வது கடினம். பின்னால் ஆட்கள் காத்திருக்கிறார்கள். ஆஃபர் இன்று இரவோடு முடிகிறது என்கிறார்கள். ஏசியை எந்த அறையில் மாட்டலாம் என்று பேசத் தொடங்கியாயிற்று. அந்த நிலையில் கடனின் விலையைக் கேட்க யாருக்கும் மனம் வராது. கேட்டாலும், மாதத் தவணை எவ்வளவு என்பதுதான் பதிலாக வரும். ஆகவே கிரெடிட் கார்டா கடனா என்பதைக் கடைக்குப் போவதற்கு முந்தின நாள், வீட்டில் உட்கார்ந்து, ஒரு தாளில் கணக்குப் போட்டு முடிவு செய்ய வேண்டும். அந்தத் தாளில் என்ன எழுதுவது என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

முதலில் அளவுகோல். நம் ஊரில் வட்டியை “நூத்துக்கு ரெண்டு”, “நூத்துக்கு மூணு” என்று சொல்வது வழக்கம். பள்ளிக்கூடம் போகாத பாட்டிகளுக்கும் அது புரியும். நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய், மூன்று ரூபாய். வங்கிகள் கடன் வட்டியை வருடக் கணக்கில் சொல்கின்றன, கார்டு வட்டியையோ பெரும்பாலும் மாதக் கணக்கில் சொல்கின்றன. கார்டுக்கும் வருட வட்டி விதிமுறைத் தாளில் அச்சாகியிருக்கும். ஆனாலும் பேச்சில் அடிபடுவது மாதக் கணக்குதான். தனிநபர் கடன் 14 சதவீதம், கார்டு 3.5 சதவீதம் என்று பக்கத்தில் பக்கத்தில் பார்க்கும் ஒருவருக்கு எது மலிவு என்று தோன்றும்? பாட்டியின் அளவுகோலால் அளந்தால் குழப்பம் தீர்கிறது. 14 சதவீதக் கடன் என்பது நூற்றுக்கு ஒன்றேகால் வட்டிக்கும் குறைவு. கார்டில் பாக்கி வைத்தால் நூற்றுக்கு மூன்றரை வட்டி. அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. கடன் வட்டிக்கு ஜி.எஸ்.டி. விலக்கு இருக்கிறது, கார்டு வட்டிக்கு அந்த விலக்கு இல்லை. எல்லாம் சேர்த்தால் நூற்றுக்கு நான்கு வட்டியைத் தாண்டுகிறது.

நூற்றுக்கு நான்கு வட்டி என்று ஒருவர் கடன் கொடுக்க வந்தால் நம் வீடுகளில் என்ன சொல்வார்கள் என்று யோசியுங்கள். அப்படிப்பட்ட கடன்கள் குடும்பங்களை அழித்ததைப் பார்த்துத்தான் 2003இல் தமிழக அரசு கந்துவட்டித் தடைச் சட்டம் கொண்டுவந்தது. வங்கிகள் அந்தச் சட்டத்துக்குள் வருவதில்லை. கார்டு வட்டிக்கு ஓர் உச்சவரம்பு வேண்டும் என்ற வழக்கும் நெடுங்காலம் நடந்தது. ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வாங்குவது நியாயமற்ற வணிக நடைமுறை என்று தேசிய நுகர்வோர் குறைதீர் ஆணையம் 2008இல் தீர்ப்பளித்தது. 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. வட்டி விகிதத்தை நிர்ணயிப்பது வங்கிகளும் ரிசர்வ் வங்கியும் பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம் என்பது இன்றைய நிலை. ஆகவே மூன்றரை வட்டி சட்டப்படி செல்லும். அதைத் தவிர்ப்பது நம் கையில்தான் இருக்கிறது.

இவ்வளவு சொன்ன பிறகும், கார்டைக் கெட்டது என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. கெடு தேதிக்குள் முழுத் தொகையையும் கட்டக்கூடியவருக்கு அதைவிட மலிவான கடன் கிடையாது. பில் தேதிக்கு அடுத்த நாள் வாங்கினால் 45 முதல் 50 நாள் வரை ஒரு பைசா வட்டி இல்லாமல் வங்கியின் பணம் நம் கையில் இருக்கிறது. வாங்கிய பொருள் வந்து சேராவிட்டால், பணம் இரண்டு முறை எடுக்கப்பட்டால், வங்கியிடம் முறையிட்டுத் திரும்பப் பெற வழி இருக்கிறது. போனஸ் அடுத்த மாதம் வரப்போகிறது, சீட்டு எடுத்தாயிற்று, வைப்புத்தொகை முதிர்வடைய இருபது நாள்தான் இருக்கிறது என்றால் யோசிக்காமல் கார்டைத் தேய்க்கலாம். கார்டு ஒரு மாத, ஒன்றரை மாதக் கைமாற்றுக்காக ஏற்பட்ட கருவி. அந்த எல்லைக்குள் அது உத்தமமாக வேலை செய்கிறது. எல்லை தாண்டிய நாளில் அது வேறு பொருளாகிவிடுகிறது.

ஐயாயிரம் பாக்கி வைத்தால்

எல்லை தாண்டுவது எவ்வளவு செலவு என்பதைத் தேதி போட்டே பார்த்துவிடலாம். நம் தம்பதி மார்ச் 5ஆம் தேதி 1,20,000 ரூபாய்க்குக் கார்டில் வாங்குகிறார்கள். மார்ச் 20 பில் தேதி. ஏப்ரல் 9 கெடு தேதி. எங்கெங்கோ புரட்டி ஏப்ரல் 9 அன்று 1,15,000 கட்டிவிடுகிறார்கள். ஐயாயிரம் மட்டும் பாக்கி. அடுத்த மாதம் சேர்த்துக் கட்டிக்கொள்ளலாம், ஐயாயிரத்துக்கு என்ன பெரிய வட்டி வந்துவிடும் என்று நினைக்கிறார்கள்.

வட்டி ஐயாயிரத்துக்கு மட்டும் வருவதில்லை. பெரும்பாலான வங்கிகளின் விதிமுறைப்படி, பில்லில் ஒரு பகுதி பாக்கி நின்றாலும் வட்டியில்லாக் காலம் முழுவதும் ரத்தாகிறது. வாங்கிய தேதியிலிருந்து, அதாவது மார்ச் 5 முதல் ஏப்ரல் 9 வரை 35 நாளுக்கு, முழு 1,20,000க்கும் வட்டி கணக்காகிறது. ஆண்டுக்கு 42 சதவீதம் என்றால் 4,833 ரூபாய். அதற்கு ஜி.எஸ்.டி. 870. கடைசியில் நின்ற ஐயாயிரத்துக்காக 5,700 ரூபாய் வட்டியும் வரியும். இதோடு முடியவில்லை. பாக்கி தீரும்வரை அதே கார்டில் போடும் பெட்ரோலுக்கும் வாங்கும் மளிகைக்கும்கூட வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். ஐயாயிரம் குறைகிறது என்றால் அண்ணனிடமோ அலுவலகத் தோழியிடமோ ஒரு வாரத்துக்குக் கைமாற்று வாங்கிக் கெடு தேதிக்குள் அடைத்துவிடுங்கள். அதில் எந்தக் கூச்சமும் வேண்டாம்.

இதைவிட ஆபத்தானது, பில்லில் கொட்டை எழுத்தில் அச்சாகும் ‘குறைந்தபட்சத் தொகை’. பல கார்டுகளில் அது நிலுவையில் 5 சதவீதம். 1,20,000க்கு 6,000 ரூபாய். அதைக் கட்டிவிட்டால் தாமதக் கட்டணம் வராது. கணக்கும் ஒழுங்காகத் தெரியும். ஆனால் ஒரு மாத வட்டி 4,200, அதற்கு வரி 756, ஆக 4,956 ரூபாய் வட்டிக்கணக்கில் போய்விடும். கட்டிய ஆறாயிரத்தில் அசலுக்குப் போவது 1,044 ரூபாய். குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டிவந்தால் கடன் வருடக்கணக்கில் நீளும் என்ற எச்சரிக்கையைக் கார்டு பில்லில் அச்சிடச் சொல்லி ரிசர்வ் வங்கி கட்டாயப்படுத்தியிருக்கிறது. அந்த வரி இருக்கிறது. பொடி எழுத்தில் இருப்பதால் கண்ணில் படுவதில்லை.

சரி, நம் தம்பதி குறைந்தபட்சத் தொகையில் நிற்கவில்லை. தங்களால் முடிந்த பத்தாயிரத்தை மாதாமாதம் ஒழுங்காகக் கட்டுகிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். கார்டு பாக்கியாக ஓடவிட்டால் 17 மாதம் ஆகும். மொத்தம் கட்டுவது ஏறத்தாழ 1,69,000. அதே பத்தாயிரத்தை 14 சதவீதத் தனிநபர் கடனுக்குக் கட்டியிருந்தால் 13 மாதத்தில் முடிந்திருக்கும், மொத்தம் 1,30,000. கடன் தரும்போது பிடிக்கும் பிராசஸிங் கட்டணம் 2 சதவீதம் என்று எடுத்து வரியோடு 2,832 ரூபாயைச் சேர்த்தாலும் கூடுதல் செலவு 13,000க்குள். கார்டில் அது 49,000. இரண்டுக்கும் நடுவே உள்ள 36,000 ரூபாய்க்கு இன்னொரு ஏசியே வாங்கிவிடலாம். அதே குடும்பம், அதே பத்தாயிரம், அதே ஒழுக்கம். கடன் எங்கே எடுக்கப்பட்டது என்பது மட்டுமே மாறியிருக்கிறது.

கார்டிலேயே தவணை

இங்கே கடைக்காரர் ஒரு நியாயமான கேள்வி கேட்பார்: பாக்கியாக ஏன் ஓடவிட வேண்டும், கார்டிலேயே இ.எம்.ஐ. போட்டுக்கொள்ளலாமே? உண்மைதான். கார்டு இ.எம்.ஐ.யை மேலே சொன்ன மூன்றரை வட்டியோடு சேர்த்துப் பார்க்கக்கூடாது. அது தனி வகை. 16 சதவீதத்தில் 12 மாதத் தவணை என்றால் மாதம் 10,888 ரூபாய். மொத்த வட்டி 10,652. வட்டிக்கு ஜி.எஸ்.டி. 1,917. ஆக 12,570 ரூபாய், அதோடு சில நூறு ரூபாய் கட்டணம்.

இதையே 14 சதவீதத் தனிநபர் கடனாக 12 மாதத்துக்கு எடுத்தால் வட்டி 9,293, பிராசஸிங் கட்டணம் வரியோடு 2,832, ஆக 12,125. ஏறக்குறைய இரண்டும் ஒன்றுதான். விளம்பரத்தில் 14க்கும் 16க்கும் இரண்டு சதவீத வித்தியாசம் தெரிகிறது. கையில் அது ஐந்நூறு, அறுநூறு ரூபாயாகச் சுருங்கிவிடுகிறது. ஒரு வருடக் கடனில் பிராசஸிங் கட்டணம் எவ்வளவு பெரிய பங்கு வகிக்கிறது என்பதை இது காட்டுகிறது. அந்தக் கட்டணத்தையும் வட்டியாகவே பாவித்துக் கணக்கிட்டால், 14 சதவீதக் கடனின் உண்மையான வட்டி 18.5 சதவீதத்தை ஒட்டி வரும். மூன்று வருடம் என்றால் அதே கட்டணம் பரவலாகப் பிரிந்து, உண்மை வட்டி 15.7 சதவீதத்துக்கு இறங்கிவிடும்.

மூன்று வருடத் தவணையில் நிலைமை மாறுவது இதனால்தான். தனிநபர் கடனில் கட்டணம் உட்பட மொத்தச் செலவு 30,500 ரூபாயைத் தொடும், கார்டு இ.எம்.ஐ.யில் வட்டிக்கு வட்டி விழாவிட்டாலும் மாதாமாதம் வரி விழுவதால் 37,600 ஆகும். என் கணிப்பு இது: ஒரு வருடத்துக்குள் முடிக்க முடிந்தால் கார்டு இ.எம்.ஐ.யில் தயங்க வேண்டியதில்லை, காகித வேலையும் மிச்சம். ஒரு வருடத்தைத் தாண்டினால் வங்கிக் கடனுக்குப் போவது நல்லது. சம்பளக் கணக்கு வைத்திருக்கும் வங்கி பிராசஸிங் கட்டணமே இல்லாமல் தர முன்வந்தால், குறுகிய காலத்துக்கும் கடன்தான் மலிவு. ஒன்றை மட்டும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்: நடுவில் முழுவதையும் அடைத்தால் என்ன பிடிப்பீர்கள்? தனிநபர் கடன்கள் பெரும்பாலும் நிலையான வட்டியில் தரப்படுபவை. முன்கூட்டி அடைத்தால் அபராதம் பிடிக்கும் வங்கிகள் உண்டு. முதல் சில மாதங்களுக்கு அடைக்கவே விடாத வங்கிகளும் உண்டு. போனஸை நம்பிக் கடன் எடுப்பவருக்கு வட்டியைவிட இது முக்கியம்.

மூன்று வருடத் தவணையைப் பற்றி இன்னொரு வார்த்தை. மாதம் 10,800 கட்ட முடியாதவருக்கு 4,100 இனிமையாகத் தெரியும். டிவியும் வாஷிங் மெஷினும் தேயும் பொருள்கள். உத்தரவாதக் காலம் முடிந்து பழுது பார்க்கும் செலவு ஆரம்பிக்கும்போதும் தவணை ஓடிக்கொண்டிருந்தால் இரட்டைச் சுமை. வீட்டு உபயோகப் பொருளுக்கு 18 மாதத்துக்கு மேல் கடன் தேவைப்படுகிறது என்றால், பட்டியலிலிருந்து ஒரு பொருளை எடுத்துவிட வேண்டும் என்று நான் சொல்வேன். ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் இப்போது, டிவி தீபாவளிக்கு, ஏசி அடுத்த கோடைக்கு. இப்படி வாங்கினால் பாதிப் பொருள்களுக்குக் கடனே தேவைப்படாது.

வட்டியில்லாத் தவணை

‘நோ காஸ்ட் இ.எம்.ஐ.’ என்று பலகை வைத்திருப்பார்கள். பூஜ்ய சதவீத வட்டி என்று ஒன்று இருக்கவே முடியாது என்று 2013 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை அனுப்பியது. வட்டியைக் கட்டணம் என்ற பெயரில் மறைத்து வாங்குவதைக் கண்டித்தது. 2022இல் வந்த கார்டு விதிகளில், தவணையாக மாற்றும் முன்பே அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, வட்டியை ஈடுகட்டக் கொடுக்கும் தள்ளுபடி எவ்வளவு என்று மூன்றையும் தனித்தனியாகக் காட்ட வேண்டும் என்றது. அந்த மூன்று எண்களையும் பார்த்தால் சூட்சுமம் விளங்கும்.

1,20,000 ரூபாய்ப் பொருளை ஆறு மாதத்துக்கு மாதம் 20,000 என்று தருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வங்கியின் கணக்கில் அது 16 சதவீதக் கடன்தான். அசல் 1,14,594 என்று பதிவாகிறது, வட்டி 5,406. அந்த 5,406ஐ விற்பவர் தள்ளுபடியாக ஏற்கிறார். ஆனால் வட்டி என்று ஒன்று பதிவாகிவிட்டதால் அதற்கு 973 ரூபாய் ஜி.எஸ்.டி. நம் தலையில் விழும். பிராசஸிங் கட்டணமும் விழும். ஆயிரத்துச் சொச்சத்தில் ஆறு மாத அவகாசம் கிடைக்கிறது என்றால் அது மோசமான பேரம் ஆகாது. ஆனால் அதற்கு முன் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: “தவணை வேண்டாம், மொத்தமா இப்பவே கட்டிடறோம். எவ்வளவு குறைப்பீங்க?” வட்டியை ஏற்றுக்கொள்ளத் தயாராக இருக்கும் விற்பனையாளர் அந்த ஐயாயிரத்தில் ஒரு பங்கை நமக்கே குறைத்துத் தரக்கூடும். குறைத்தால், நோ காஸ்ட் தவணையின் உண்மை விலை அந்தத் தொகைதான். குறைக்க மறுத்தால் தவணையை எடுத்துக்கொள்ளலாம். கார்டு இ.எம்.ஐ.க்குப் பல வங்கிகள் ரிவார்டு புள்ளிகள் தருவதில்லை என்பதும் நினைவிருக்கட்டும்.

கடையிலேயே மேசை போட்டிருக்கும் ஃபைனான்ஸ் நிறுவனங்களின் கடனில் இன்னொரு விஷயம் கவனிக்க வேண்டும். “பன்னிரண்டு பர்சென்ட்தான்” என்று சொல்வது முழு அசலுக்கும் கடைசிவரை கணக்கிடும் வட்டியாக இருக்கலாம். ஒரு லட்சத்துக்கு 12 சதவீதம், ஒரு வருடம்; 1,12,000ஐப் பன்னிரண்டால் வகுத்து மாதம் 9,333 டியூ. அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வருகிறது, வட்டி மட்டும் குறையாமல் நிற்கிறது. குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் அது 21.5 சதவீதம். டூ வீலர் கடனிலும் இதே கதை நடக்கும். “குறையும் அசலுக்கா, மொத்த அசலுக்கா?” என்ற ஒரே கேள்வி போதும்.

நல்ல வேளையாக, கடன் பக்கம் இப்போது ஒரு பாதுகாப்பு வந்திருக்கிறது. 2024 அக்டோபர் 1 முதல் தனிநபர்களுக்குத் தரும் புதிய தவணைக் கடன்கள் அனைத்துக்கும் ‘முக்கிய விவரத் தாள்’ தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. வட்டி, பிராசஸிங் கட்டணம், காப்பீடு என்று கடன் வாங்குபவர் தரும் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே ஆண்டுச் சதவீதமாக அதில் காட்ட வேண்டும். வாங்குபவருக்குப் புரியும் மொழியில் எழுதப்பட்டிருக்க வேண்டும்; தமிழில் கேட்டு வாங்குங்கள். அந்தத் தாளில் இல்லாத எந்தக் கட்டணத்தையும் நம் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் பிடிக்க முடியாது. இன்னும் சிறப்பு, தாளில் சொன்ன நிபந்தனைகள் குறைந்தது மூன்று வேலை நாள்களுக்குச் செல்லுபடியாக வேண்டும். வீட்டுக்கு எடுத்துப்போய் யோசிக்கச் சட்டமே அவகாசம் தருகிறது. “இன்னிக்கே கையெழுத்துப் போட்டாத்தான் இந்த ரேட்” என்று யாராவது அவசரப்படுத்தினால் அந்த மூன்று நாளை நினைவூட்டலாம். கார்டு நிலுவைகளுக்கு இந்தத் தாள் கிடையாது. கார்டைவிடக் கடன் பக்கம் நான் சாய்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

பீரோவில் இருக்கும் நகை

தமிழ்நாட்டில் இந்தப் பேச்சு நகைக்கடனைத் தொடாமல் முடியாது. கார்டும் தனிநபர் கடனும் நம் சம்பளத்தை நம்பி, ஈடு இல்லாமல் தரப்படுபவை. இவை அளவுக்கு மீறிப் பெருகுவதைக் கண்டுதான் 2023 நவம்பரில், இத்தகைய கடன்களுக்கு வங்கிகள் கூடுதல் மூலதனம் ஒதுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கெடுபிடி செய்தது. நகைக்கு ஈடு இருப்பதால் வட்டி குறைவு. வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ 10 சதவீதம் என்று வைத்தால் நூற்றுக்கு முக்கால் வட்டிக்குச் சற்று மேல். வட்டியும் சேர்த்து மாதம் பத்தாயிரம் கட்டி அசலைக் குறைத்துவந்தால் 13 மாதத்தில் முடியும். மொத்த வட்டி 7,000 ரூபாய். இந்தக் கட்டுரையில் மாதம் பத்தாயிரம் கட்டுவதாகப் போட்ட கணக்குகளில் இதுதான் மலிவு.

மலிவு என்பதில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது: மாதாமாதம் அசலைக் குறைக்க வேண்டும். நகைக்கடனில் யாரும் அதைக் கட்டாயப்படுத்துவதில்லை. வருடக் கடைசியில் வட்டியை மட்டும் கட்டி மறு அடகு வைப்பது நம் வீடுகளின் பழக்கம். அப்படி மூன்று வருடம் ஓடினால் வட்டி 36,000. அசல் அப்படியே நிற்கும். ஆகவே நகைக்கடன் எடுத்தால் தவணை முறையில் எடுங்கள். அந்த வசதி இல்லாவிட்டால் சம்பள நாளன்று கவுண்டருக்குப் போய்ப் பத்தாயிரத்தைக் கட்டிவிட்டு வாருங்கள். 2021இல் கூட்டுறவுச் சங்கங்களில் ஐந்து பவுன் வரையிலான நகைக்கடனை அரசு தள்ளுபடி செய்த பிறகு, மறுபடியும் வரும் என்று காத்திருந்தவர்கள் இருக்கிறார்கள். அந்த நம்பிக்கையில் ஒரு மாத வட்டியைக்கூட ஓடவிடக்கூடாது.

விதிகள் வாங்குபவருக்குச் சாதகமாகவே மாறியிருக்கின்றன. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும்படி ரிசர்வ் வங்கி வகுத்த விதிகளின்படி, இரண்டரை லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை தரலாம். கடன் அடைந்ததும் நகையை அன்றே தர வேண்டும், அதிகபட்சம் ஏழு வேலை நாள்களுக்குள். தாமதம் கடன் கொடுத்தவர் பக்கம் என்றால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு.

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். நகை பெரும்பாலும் வீட்டுப் பெண்ணுடையது. அவளுடைய அப்பா அம்மா அவளுக்கென்று போட்டது. “டிவிக்காக உன் நெக்லஸைக் கொஞ்ச நாள் வைக்கலாமா” என்று கேட்பது வேறு. கணக்கைப் போட்டுக் காட்டி, எத்தனை மாதத்தில் யார் சம்பளத்திலிருந்து மீட்போம் என்று எழுதி வைத்துவிட்டுக் கேட்பது வேறு. அவள் வேண்டாம் என்றால் 14 சதவீதக் கடனுக்குப் போய்விடலாம். வித்தியாசம் ஆறாயிரம் ரூபாய்தான். வீட்டில் மனத்தாங்கல் இல்லாமல் இருக்க அந்த ஆறாயிரம் தாராளமாகத் தரலாம்.

சிபில் மதிப்பெண்ணைப் பற்றியும் யோசிக்க வேண்டியிருக்கிறது, குறிப்பாக இன்னும் ஒன்றிரண்டு வருடத்தில் வீட்டுக்கடன் வாங்க எண்ணியிருப்பவர்கள். 1,50,000 லிமிட் உள்ள கார்டில் 1,20,000ஐத் தேய்த்தால் லிமிட்டில் 80 சதவீதம் பயன்படுத்தியதாகப் பதிவாகும். 30 சதவீதத்தைத் தாண்டாமல் வைத்திருப்பது நல்லது என்பது பொதுவான அறிவுரை. தாண்டினால் மதிப்பெண் இறங்கலாம், இ.எம்.ஐ.யாக மாற்றினாலும் தவணை கட்டக் கட்டத்தான் லிமிட் திரும்பும். அவசர மருத்துவச் செலவுக்கு அந்தக் கார்டை நம்ப முடியாது என்பதும் இதில் அடங்கும். கடன் பக்கமும் ஒரு தவறு நடக்கிறது: நாலைந்து செயலிகளில் ஒரே நாளில் விண்ணப்பிப்பது. ஒவ்வொரு விண்ணப்பமும் விசாரணையாகப் பதிவாகி மதிப்பெண்ணைக் குறைக்கும். முதலில் சம்பளக் கணக்கு உள்ள வங்கியில் மட்டும் கேளுங்கள். கடன் விவரங்களை வங்கிகள் பதினைந்து நாளுக்கு ஒருமுறையாவது புதுப்பிக்க வேண்டும் என்ற விதி 2025 ஜனவரியில் வந்ததால் தவறும் சரி, திருத்தமும் சரி, முன்பைவிடச் சீக்கிரம் தெரிந்துவிடுகிறது.

இதைப் படிப்பவர்களில் சிலர் ஏற்கெனவே கார்டு பாக்கியில் இருக்கலாம். அவர்களுக்கு: வெட்கப்பட்டுக்கொண்டு குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டே இருக்காதீர்கள். நிலுவையைத் தவணையாக மாற்றச் சொல்லி முதலில் கார்டு வங்கியிடமே கேளுங்கள். அல்லது தனிநபர் கடன் எடுத்து மொத்தமாக அடையுங்கள். மதிப்பெண் கொஞ்சம் இறங்கியிருந்து 18 சதவீதத்தில்தான் கடன் கிடைக்கிறது என்றாலும் லாபமே. 1,20,000 நிலுவைக்கு மாதம் பத்தாயிரம் கட்டினால் வட்டி 13,300, கட்டணத்தோடு 16,000 சொச்சம். கார்டிலேயே இருந்தால் அது 49,000. அடைத்த பிறகு அந்தக் கார்டை ஆறு மாதம் பீரோவில் பூட்டி வையுங்கள். கடனும் ஓடி, கார்டிலும் மறுபடி பாக்கி ஏறினால் இரண்டையும் சேர்த்துச் சுமக்க நேரிடும். கார்டே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால், நிலுவை இல்லாத பட்சத்தில் ஏழு வேலை நாளுக்குள் வங்கி அதை மூட வேண்டும். தாமதித்தால் நாளுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். முறையிட்டு 30 நாளாகியும் வங்கி பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனிடம் கட்டணமின்றிப் புகார் செய்யலாம். 14448 என்ற எண்ணில் வழிகாட்டுவார்கள்.

கார்டைத் தொடர்ந்து பயன்படுத்துகிறவர்கள் இன்றே வங்கிச் செயலியைத் திறந்து ஓர் இடத்தைப் பாருங்கள். கெடு தேதியில் தானாகப் பணம் பிடிக்கும் ஏற்பாடு செய்திருந்தால், அதில் ‘முழுத் தொகை’, ‘குறைந்தபட்சத் தொகை’ என்று இரண்டு தேர்வுகள் இருக்கும். கார்டு வாங்கிய நாளில் படிவம் நிரப்பியவர் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் போயிருக்க வாய்ப்புண்டு. அப்படி இருந்தால் உங்கள் கணக்கில் பணம் இருக்கும்போதே, உங்களுக்குத் தெரியாமலே, மூன்றரை வட்டி ஓடிக்கொண்டிருக்கும். அதை முழுத் தொகைக்கு மாற்ற இரண்டு நிமிடம் ஆகும்.